மானசரோவர் போக ஆசையா? முதலில் எக்ஸெல்லைத் திறங்கள்

எங்கள் திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர் பலருக்கு அடுத்த ஆசை கயிலாயம், மானசரோவர். ஏரி இருப்பது சீனாவின் திபெத் பகுதியில். 2020 முதல் நின்றிருந்த இந்திய அரசின் யாத்திரை 2025ல் மீண்டும் தொடங்கியது. இதற்கு விண்ணப்பம் வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில்தான். முகவரி கேஎம்ஒய் டாட் ஜிஓவி டாட் இன். "அரசு யாத்திரையில் சீட் வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஆட்களைத் தேர்வு செய்வது கம்ப்யூட்டர் குலுக்கல்.

விண்ணப்பிக்கும் முன் நான் போடச் சொல்வது எடைக் கணக்கு. வயது 18 முதல் 70க்குள் இருந்தாலும், பி.எம்.ஐ. 25க்கு மேல் போகக் கூடாது. எக்ஸெல்லில் ஒரு செல்லில் =72/(1.65*1.65) என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 72 என்பது எடை, கிலோவில், 1.65 உயரம், மீட்டரில். விடை 26.4. இவர் 68 கிலோவுக்கு இறங்கியாக வேண்டும். டில்லி வரை போய் மருத்துவப் பரிசோதனையில் திரும்புவதைவிட, வீட்டிலேயே தெரிந்துகொள்வது மேல்.

அடுத்து கூகுள் எர்த். மானசரோவர் என ஆங்கிலத்தில் தேடுங்கள். வட்டமாகத் தெரிவது மானசரோவர். பக்கத்தில் பிறை போல இருப்பது ராட்சசதால். மவுஸை ஏரி மேல் வைத்தால் திரையின் கீழே உயரம் தெரியும்; ஏறத்தாழ 4,590 மீட்டர். நம் கிரிவலம் 14 கி.மீ., அதுவும் சமதரை. கயிலாயத்தைச் சுற்ற சுமார் 52 கி.மீ.; நடுவே டோல்மா லா கணவாய், 5,600 மீட்டருக்கும் மேல். (சீனப் பகுதியில் சாலைக் கோடு சாட்டிலைட் படத்தை விட்டு விலகித் தெரியலாம். உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. அந்நாட்டு வரைபடக் கணக்கு வேறு.)

பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களை ஸ்கேன் செய்து தனி போல்டரில் வையுங்கள். பென் டிரைவிலும் ஒரு காப்பி இருக்கட்டும்.