பாத்ரூமில் ஆசிட், கூடவே பிளீச்சிங் பவுடரா? வேண்டாம் இந்த விபரீதம்!

பண்டிகை நெருங்கினால் போதும், வீட்டைக் கழுவித் துடைக்கும் வேலை ஆரம்பித்துவிடும். பாத்ரூம் தரையில் உப்புக்கறை. ஆசிட் ஊற்றியும் போகவில்லை. "கொஞ்சம் பிளீச்சிங் பவுடரையும் தூவிட்டா பளிச்னு ஆயிடும்ல?" என்று தோன்றும். அந்த நிமிடம்தான் ஆபத்து.

பிளீச்சில் இருப்பது ஹைப்போகுளோரைட். டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். முதல் உலகப் போரில், 1915-ம் ஆண்டு, போர்க்களத்தில் ஆயுதமாகப் பயன்படுத்திய அதே வாயு! சின்ன ஜன்னல் மட்டுமே உள்ள பாத்ரூமில் கண் எரிச்சல், இருமல், மூச்சுத்திணறல் வர சில நொடிகள் போதும். வினிகர், எலுமிச்சைச் சாறு சேர்த்தாலும் இதே கதைதான். அமோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு கலந்தால் குளோரமின் என்ற இன்னொரு நச்சு வாயு உருவாகும்.

தப்பித்தவறி கலந்துவிட்டால்?

தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று அங்கேயே நிற்காதீர்கள். உடனே வெளியே வந்து நல்ல காற்றை சுவாசியுங்கள். ஜன்னல், கதவைத் திறந்துவிடுங்கள். மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள். இப்போது சரியாகிவிட்டதுபோல இருந்தாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரல் பாதிப்பு தெரியலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் 15 நிமிடங்களாவது சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பிளீச்சை எப்படிப் பயன்படுத்துவது?

பிளீச் கிருமியைக் கொல்லும், அழுக்கை எடுக்காது. அழுக்கு இருந்தால் அதன் வீரியமும் குறையும். எனவே, முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு பிளீச். கொரோனா காலத்தில் தரை, கைப்பிடிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு 0.1 சதவிகிதம். பாட்டிலில் 5 சதவிகிதம் என்று இருந்தால், 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போதும். 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், வீரியம் போய்விடும். கலந்ததை அன்றன்றே பயன்படுத்திவிட வேண்டும். கையுறை அவசியம். மீதியை கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும்!

துணிக்கு என்ன செய்யலாம்?

குளோரின் பிளீச் வெள்ளை காட்டனுக்கு மட்டும்தான். பட்டு, கம்பளி இழைகளை அது அரித்துவிடும். லெக்கின்ஸில் இருக்கும் எலாஸ்டிக் இழைக்கும் ஆகாது. போர் தண்ணீரால் வரும் துருக்கறையில் பிளீச் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கு எலுமிச்சையும் உப்பும் போட்டு வெயிலில் வைத்துப் பாருங்கள்.

சாம்பார் சிந்திய வேட்டியா? சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும். பயப்படாதீர்கள், காரத்தன்மை பட்டால் மஞ்சளின் இயல்பு அது. துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள், மங்கிவிடும். ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை கெட்டிப்படும்.

கலர் துணிகளுக்கு ஆக்ஸிஜன் பிளீச் கிடைக்கிறது. பாக்கெட்டில் சோடியம் பெர்கார்பனேட் என்று இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊறவைக்கலாம். சாயம் போகுமா என்று ஓரத்தில் சோதித்துவிட்டு நனையுங்கள். பட்டு, கம்பளிக்கு இதுவும் வேண்டாம்.

ஆப்பசோடாவும் வினிகரும் கலந்தா சூப்பரா?

நுரை பொங்குவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒன்றின் வீரியத்தை மற்றொன்று குறைத்துவிடும். தனித்தனியாகத்தான் பலன். குழாயில் படிந்த உப்புக்கு வினிகர், சிங்க் பிசுக்குக்கு ஆப்பசோடா. மார்பிள், மொசைக் தரையில் மட்டும் வினிகரோ எலுமிச்சையோ வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

ஒரு நேரத்தில் ஒரு கிளீனர் மட்டுமே. கறை போகலைன்னா நன்றாகக் கழுவிவிட்டு, இன்னொரு நாள் அடுத்ததை முயற்சி பண்ணலாம். கறை ஒரு நாள் கூடுதலா இருந்தா ஒண்ணும் ஆகிடாதுங்க!