ஹோம் ஸ்டூடியோவில் ரெண்டாவது ஸ்கிரீன்: எங்கே வைத்தால் மிக்ஸ் கெடாது?

வாரம் முழுக்க ஓசூரில் ஷிஃப்ட். சனிக்கிழமை கிருஷ்ணகிரி வழியாக பஸ் பிடித்து சாமல்பட்டி வீட்டுக்கு வந்தால், மாடி அறையில் லேப்டாப், ஒரு மைக், ரெண்டு ஸ்பீக்கர். இப்படி வார இறுதி இசையமைப்பாளராக இருப்பவர்களுக்கு சீக்கிரமே ஒரு பிரச்சினை வரும். டிராக்குகள் முப்பதைத் தாண்டியதும் 15 இன்ச் லேப்டாப் திரை போதாது. மிக்சரைத் திறந்தால் எடிட் விண்டோ மறைகிறது. ப்ளக்-இன் திறந்தால் ரெண்டுமே மறைகிறது. சரி, ஒரு 24 இன்ச் ஸ்கிரீன் வாங்கிவிடலாம். வாங்கிட்டோம். டேபிளில் இடம் இருந்த பக்கத்தில் வைத்தும் விட்டோம்.

அதற்குப் பிறகு அறையில் கச்சிதமாகக் கேட்ட பாட்டு, காரில் போட்டால் குரல் ஒரு பக்கம் சாய்ந்தது போலவோ, உள்ளே அமுங்கியது போலவோ கேட்கிறது. பழி ஸ்பீக்கர் மீது விழும். புதுசா ப்ளக்-இன் வாங்குவோம். புது ஸ்கிரீன் மீது மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது.

'மானிட்டர்' என்றால் எது?

ஸ்டூடியோ பாஷையில் மானிட்டர் என்றால் முதலில் ஸ்பீக்கர்தான். வெள்ளைக் கூம்போடு ஸ்டூடியோ படங்களில் அடிக்கடி தென்படும் யமஹா என்எஸ்-10, 1978-ல் வீட்டு ஸ்பீக்கராக விற்பனைக்கு வந்து, பிறகு உலகம் முழுக்க மிக்சிங் மேஜைகளில் ஏறிக்கொண்டது. கம்ப்யூட்டர் திரைக்கும் அதே பெயர் இருப்பதால் குழப்பம். இந்தக் கட்டுரையில் திரை என்றால் 'ஸ்கிரீன்', ஒலி என்றால் 'ஸ்பீக்கர்'.

வீட்டு ஸ்டூடியோ என்றால் சும்மா பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். ஏ.ஆர்.ரஹ்மானின் பஞ்சதன் ரெக்கார்ட் இன், 1989-ல் கோடம்பாக்கத்தில் அவர் வீட்டின் பின்புறம் தொடங்கியதுதான். மூன்று வருடம் கழித்து 'ரோஜா' வந்தது. இளையராஜாவோ ஆர்கெஸ்ட்ரா முழுவதற்கும் காகிதத்தில் நோட்ஸ் எழுதுபவர். அவருக்கு எத்தனை ஸ்கிரீன் தேவைப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள்! நமக்கு ஸ்கிரீன் வேண்டும், சரி. ஆனால் இடம் ஒதுக்கும்போது முதல் மரியாதை ஸ்பீக்கருக்கு.

கண்ணாடி போல ஒலியைத் திருப்பும் திரை

ஸ்பீக்கரில் இருந்து வரும் ஒலி நேராகக் காதுக்கு வருகிறது. அதே ஒலி பக்கத்தில் இருக்கும் ஸ்கிரீனில் பட்டு, கொஞ்சம் தாமதமாகவும் வருகிறது. ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். திரும்பி வரும் ஒலி 17 செ.மீ. கூடுதலாகப் பயணித்தால் அரை மில்லி நொடி தாமதம். கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் அந்த அரை மில்லி நொடியில் 1000, 3000, 5000 ஹெர்ட்ஸ் அலைகள் ஒன்றுக்கொன்று எதிராகச் சந்தித்து மெலிந்துவிடும். பாட்டின் வார்த்தைகள் தெளிவாகக் கேட்பது பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். அறையில் அது குறைவாகக் கேட்பதால், நீங்கள் ஈக்யூவில் ஏற்றுவீர்கள். வெளியே அந்த ஸ்கிரீன் இல்லையே, அங்கே குரல் காதைக் குத்தும்.

பேஸ் ஒலிக்கு இந்தத் தொல்லை கிடையாது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர், அரை மீட்டர் அகல ஸ்கிரீனை அது சுற்றிக்கொண்டு போய்விடும்.

ஸ்கிரீன் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இடது ஸ்பீக்கர் ஒலி ஸ்கிரீனில் பட்டு வருகிறது, வலது வராது. நடுவில் நிற்க வேண்டிய குரல் ஒரு பக்கம் சாய்ந்து கேட்கும். நீங்கள் அதை எதிர்ப்பக்கம் தள்ளிச் சரிசெய்வீர்கள். அறையில் சரி, காரில் கோணல். இதோடு, அந்த ஸ்கிரீனைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் காதுகளும் கூடவே திரும்புகின்றன. கழுத்து வலி தனிக் கணக்கு.

கண்டுபிடிக்க உங்கள் போனே போதும். போன் திரையை அணைத்துவிட்டு, அதன் முகம் உங்களைப் பார்க்கும்படி ஸ்கிரீன் மேல் ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள் (வீட்டில் யாராவது உதவ வேண்டும்). நீங்கள் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கறுப்பு போன் திரையில் எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே பட்டு ஒலி உங்கள் காதுக்கு வருகிறது.

அளவு டேப் எடுங்கள்

ஸ்பீக்கர் ரெண்டும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். ட்வீட்டர் காது உயரத்தில். இது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஸ்கிரீன் வந்ததும் உடைவதும் இதுதான்.

24 இன்ச் ஸ்கிரீன் சுமார் 53 செ.மீ. அகலம். பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு வைத்தால் 106. அதற்கு வெளியே ஸ்பீக்கர்கள் என்றால் அவற்றின் இடைவெளி சுமார் 130 செ.மீ. ஆகிவிடும். நாலு அடி டேபிள் 122 செ.மீ.தான், ஸ்பீக்கர் விளிம்பில் தொங்கும். முக்கோணக் கணக்குப்படி நீங்களும் ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் உட்கார வேண்டும். அங்கிருந்து மிக்சரின் சின்ன எழுத்து தெரியாது. நாற்காலியை முன்னால் இழுப்பீர்கள், முக்கோணம் போச்சு.

அதனால் சின்ன அறைக்கு, என் ஓட்டு மேலும் கீழுமாக வைப்பதற்கே. நடுவில் ஒரு பெரிய ஸ்கிரீன், அதன் கீழே கொஞ்சம் சாய்த்துத் திறந்த லேப்டாப். எடிட் பெரியதில், மிக்சர் லேப்டாப்பில். அகலம் 53 செ.மீ.யோடு நிற்பதால் ஸ்பீக்கர் இடைவெளி 90 செ.மீ. போதும்; நீங்கள் ஸ்பீக்கர் கோட்டில் இருந்து சுமார் 78 செ.மீ. தள்ளி உட்காரலாம். கண்ணுக்கும் அது வசதியான தூரம். 34 இன்ச் அல்ட்ராவைட் வாங்க முடிந்தால் அதுவும் நல்லதே, 80 செ.மீ. அகலம், நடுவில் கோடு இல்லை.

எப்படி வைத்தாலும் ஸ்கிரீனின் முகத்தைவிட ஸ்பீக்கரின் முகம் சில செ.மீ. முன்னால் இருக்கட்டும். ஸ்கிரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்தைத் தாண்ட வேண்டாம். இதற்கு மானிட்டர் ஆர்ம் உதவும். வாங்கும் முன் ஸ்கிரீனின் பின்பக்கம் 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் நாலு திருகுத் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சில மாடல்களில் இருக்காது.

பக்கத்தில் பக்கத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், ரெண்டு ஸ்கிரீனும் சேரும் கோடு உங்கள் மூக்குக்கு நேராக வரட்டும். கழுத்து கொஞ்சம் கஷ்டப்படும், ஸ்டீரியோ தப்பிக்கும்.

கிரானைட் தரையும் ரயிலும்

ஸ்கிரீன் மட்டும்தான் வில்லன் என்று சொல்லவில்லை. கிருஷ்ணகிரி கிரானைட் மாவட்டம். கிரானைட்டோ டைல்ஸோ பதித்த தரையும், கான்கிரீட் கூரையும், வெறும் சுவரும் ஸ்கிரீனைவிடப் பெரிய பிரதிபலிப்பான்கள். பத்துக்குப் பத்து அறையாக இருந்தால் சுமார் 56 ஹெர்ட்ஸில் பேஸ் ரெண்டு திசையிலும் ஒன்றாகக் குவியும். தரையில் ஜமுக்காளம், பக்கச் சுவர்களில் பஞ்சு மெத்தை மாட்டினால் நடு, மேல் ஒலிகள் அடங்கும், பேஸ் அடங்காது. முட்டை அட்டை ஒட்டுவது வீண்வேலை. ஜோலார்பேட்டை - சேலம் பாதையில் போகும் ரயில் சத்தத்துக்கும் இதெல்லாம் மருந்தில்லை, ரயில் போனதும் இன்னொரு டேக் எடுப்பதுதான் வழி.

புது ஸ்கிரீனை எச்டிஎம்ஐயில் சொருகியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறதா? பெரும்பாலும் கிரவுண்ட் லூப். லேப்டாப், ஸ்கிரீன், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு கேபிள் பயன்படுத்துங்கள். இரைச்சல் போக எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் யோசனை வந்தால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது உயிர் விஷயம்.

உங்கள் லேப்டாப் தாங்குமா?

எல்லா யுஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது. டிஸ்ப்ளேபோர்ட் வசதி உண்டா என்று மாடல் விவரத்தில் பாருங்கள். எம்1, எம்2 மேக்புக் ஏர் வைத்திருந்தால் வெளியே ஒரு ஸ்கிரீன்தான், மூன்றாவது கனவு வேண்டாம். ஐபேட் இருந்தால் சைட்கார் மூலம் அதையும் திரையாக்கலாம். விண்டோஸில் புது ஸ்கிரீன் மாட்டிய பிறகு டிக் டிக் என்று ஒலி உடைந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகப்படலாம். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருள் காட்டிக்கொடுக்கும். லாஜிக், ரீப்பரில் ஸ்கிரீன்செட், க்யூபேஸில் ஒர்க்ஸ்பேஸ் என்ற வசதி இருக்கிறது. எந்த விண்டோ எங்கே என்று ஒருமுறை சேமித்தால் போதும்.

எல்லாம் முடிந்ததும், நன்றாகத் தெரிந்த ஒரு குரலை மோனோவில் போட்டுக் கண்ணை மூடுங்கள். குரல் வரும் இடத்தை விரலால் காட்டிவிட்டுக் கண்ணைத் திறங்கள். விரல் ஸ்கிரீனின் நடுவில் இல்லையென்றால், ஈக்யூவைத் தொடாதீர்கள். ஸ்கிரீனை நகர்த்துங்கள்.