இயந்திரமும் ஒளியும்: துளையிடும் இயந்திரம், மில்லிங் இயந்திரம் ஆகியவற்றின் வேலைவிளக்குப் பற்றிய சில குறிப்புகள்

எமது எழுத்துமேசைகளில் காணப்படும், வேண்டிய பக்கம் வளைத்து நிறுத்தக்கூடிய கைவிளக்கு படிப்பறையிற் பிறந்ததன்று. ஜேர்மனியின் தூரிங்கியாப் பகுதியிலுள்ள அவுமாவில் 1919ஆம் ஆண்டளவில் கேர்ட் பிஷர் ஆக்கிய விளக்கும், 1932இல் வாகனங்களின் வில்லமைப்பில் வல்லவரான ஆங்கிலேயப் பொறியியலாளர் ஜோர்ஜ் கார்வர்டைன் காப்புரிமை பெற்ற விளக்கும், 1950இல் லியோன் நகரத்தில் ஜோன்-லூயி டொமெக் தமது பட்டறைக்கென அமைத்த விளக்கும் தொழிற்களத்தின் தேவைகளை ஒட்டி உருவானவை. பிஷரின் விளக்கைப் பின்னர் பௌஹௌஸ் கலைப்பள்ளி விரும்பிப் பயன்படுத்தியது. இன்று அது வடிவமைப்பு வரலாற்று நூல்களில் அழகுப் பொருளாக இடம்பெறுகின்றது. எத்தேவை அதனைத் தோற்றுவித்தது என்பதே மறக்கப்பட்டுவிட்டது. அத்தேவையை விளக்குவதும், அதன் பின்னுள்ள சமூக உறவுகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூரையில் விளக்குகள் இருக்க, இயந்திரத்துக்கெனத் தனிவிளக்கு ஏன் வேண்டும் என்ற வினா இயல்பானதே. துளையிடும் இயந்திரத்தின் தலைப்பகுதி வேலைப்பொருளுக்கு நேர்மேலே கவிந்து நிற்பது. மேலிருந்து வரும் ஒளியை முதலில் அதுவே மறைக்கின்றது. குறியைப் பார்க்கக் குனியும் தொழிலாளியின் தலை எஞ்சிய ஒளியையும் மறைக்கின்றது. ஆகவே, பட்டறை முழுவதும் ஒளி நிறைந்திருப்பினும் அலகு உலோகத்தைத் தொடும் அந்த ஓரிடம் நிழலிலேயே கிடக்கும். மில்லிங் இயந்திரத்திலும் நிலைமை இதுவே. ஐரோப்பியத் தர நியமம் (12464-1) பத்திலொரு மில்லிமீற்றரும் அதற்கு மேற்பட்டதுமான பிழையை அனுமதிக்கும் வேலைக்கு 300 இலக்ஸ் ஒளியையும், அதனினும் நுண்ணிய வேலைக்கு 500 இலக்ஸ் ஒளியையும் விதிக்கின்றது. ஆயின் இவ்வெண் கூரைக்குரியதன்று, வேலை நடைபெறும் பரப்புக்குரியது. சிறு விளக்கொன்றின் தூரத்தைப் பாதியாக்கினால் அவ்விடத்து ஒளி நான்கு மடங்காகும். எனவே அருகே நிற்கும் சிறு விளக்கு, தொலைவிலுள்ள பெருவிளக்கினும் பயன்தருவதாகின்றது.

அளவு மட்டும் போதியதன்று, திசையும் வேண்டும். உலோகத்தில் கீறிய கோடு, பக்கவாட்டில் தாழ்ந்து வரும் ஒளியிலேயே துலங்கும். சீவப்பட்ட மினுமினுப்பான பரப்போ நேரொளியைக் கண்ணுக்கே திருப்பியனுப்பி, அளவுக் கோடுகளை வாசிக்கவொட்டாது செய்யும். இருபுறமிருந்தும் பரவலாக வரும் ஒளி நிழலையும் கூச்சத்தையும் ஒருங்கே தணிக்கும். எந்தத் திசை பொருத்தமென்பது வேலைக்கு வேலை மாறுவதால், விளக்கைத் தன் கையால் நகர்த்தும் வசதி தொழிலாளிக்கு இருத்தல் வேண்டும். வளையும் கை தோன்றியமைக்கான காரணம் இதுவே.

இனிக் கூறப்போவது உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தான ஒரு நிலைமை. செக்கனுக்கு 50 சுற்றுக்கொண்ட ஆடலோட்ட மின்னில் எரியும் பழைய வகைக் குழல்விளக்கின் ஒளி சீரானதன்று. செக்கனுக்கு 100 தடவை அது கூடிக் குறைகின்றது. கண் இதனை உணர்வதில்லை. இரண்டு வெட்டுவிளிம்புகள் கொண்ட துறப்பண அலகொன்று நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கின்றதெனக் கொள்வோம். ஒளியின் ஓர் உச்சத்திலிருந்து அடுத்த உச்சத்துக்குள் அது சரியாக அரைச்சுற்றுச் சுழலும், ஒரு விளிம்பின் இடத்தில் மற்றைய விளிம்பு வந்து நிற்கும். விளைவு, சுழலும் அலகு அசைவற்றிருப்பதுபோலத் தோன்றும். நான்கு விளிம்புள்ள மில்லிங் வெட்டி நிமிடத்துக்கு 1,500 சுற்றில் இதே மயக்கத்தைத் தரும். வேகம் சற்றே வேறுபட்டால் அது மெல்லச் சுழல்வது போலவோ பின்னோக்கிச் சுழல்வது போலவோ காணப்படும். இவை ஏட்டுக் கணக்குகள் அல்ல. மென்னுருக்கை நிமிடத்துக்கு 30 மீற்றர் வேகத்தில் வெட்டும் 6 மில்லிமீற்றர் அலகு ஏறத்தாழ 1,600 சுற்றிலும், 3 மில்லிமீற்றர் அலகு ஏறத்தாழ 3,200 சுற்றிலும் ஓடுகின்றன. பட்டறை இரைச்சலில் காதும் உதவாது. நின்றுவிட்டதென நம்பி நீளும் கை மீள்வது அரிது.

இம்மயக்கத்தைத் தவிர்க்கும் வழிகள் நன்கறியப்பட்டவை. அடுத்தடுத்த குழல்விளக்குகளை மூவவத்தை மின்வழங்கலின் வெவ்வேறு அவத்தைகளில் இணைக்கலாம். உயர் மீடிறனில் இயங்கும் மின்னணுச் சாதனங்களைப் பொருத்தலாம். சூடான இழை ஒளியைச் சட்டென இழப்பதில்லையாதலால், இயந்திரத்தருகே இழைவிளக்கை வைப்பது நெடுங்கால வழக்கமாயிற்று. இன்றைய எல்ஈடி விளக்குகளும் தம்மளவில் பாதுகாப்பானவையல்ல. அவற்றுக்கு மின் ஊட்டும் பகுதி மலிவானதாயின் துடிப்பு பழைய குழல்விளக்கினும் கடுமையாகக்கூடும். சீரான நேரோட்டத்தில் இயங்குபவையே இயந்திரத்துக்கு உகந்தவை. அத்துடன், குளிர்விக்கும் திரவம் தெறிக்கும் இடத்தில், ஈரமான கை தொடும் விளக்குக்கு 230 உவோல்ற்று மின் ஏற்றதன்று. தனிப்படுத்தும் நிலைமாற்றி ஒன்றினூடாக 24 உவோல்ற்றில் அதனை இயக்குவதும், சீவலும் திரவமும் புகாவண்ணம் அடைத்து வைப்பதும் முறையாகும்.

வழிகள் அறியப்பட்டிருந்தும் அவை எங்கும் கைக்கொள்ளப்படாமைக்குத் தொழினுட்பம் காரணமன்று. தொழிற்சாலை ஒளியின் வரலாறே இதற்குச் சான்று. 1805-1806 காலப்பகுதியில் சோல்ஃபோர்டில் பிலிப்ஸ் அன்ட் லீ நிறுவனத்தின் பஞ்சாலைக்கு வில்லியம் மேர்டொக் வாயுவிளக்கு அமைத்தார். சூரியன் வகுத்த எல்லையைக் கடந்து ஆலைகள் இயங்க அவ்வகை விளக்குகள் வழிசெய்தன. இரவையும் விழுங்கும் வேலைநாளின் நீட்சியை 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் தொகுதியில் மார்க்ஸ் விரிவாக ஆராய்ந்தார். 1924 முதல் 1927 வரை சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஹோதோர்ன் ஆலையில் ஒளிபற்றிய சோதனைகள் நிகழ்ந்தன. மின்தொழிற்றுறையின் ஆதரவு பெற்ற அச்சோதனைகள் கேட்ட வினா ஒன்றே: ஒளி கூடினால் உற்பத்தி கூடுமா? ஒளியின் அளவுக்கு ஏற்ப உற்பத்தி மாறவில்லை எனக் கண்டதும் ஆய்வாளர்கள் தொழிலாளியின் மனநிலையை ஆராயத் திரும்பினர். உற்பத்தியை உயர்த்தாத ஒளியும் ஒரு விரலைக் காக்கலாம் என்பது அவ்வினாவின் எல்லைக்குள் வரவில்லை.

சட்டம் வேறொரு வினாவுக்கு இடமளித்தது. பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் போதியதும் பொருத்தமானதுமான ஒளியை உரிமையாளரின் கடமையாக்கியது. அம்மரபில் வந்த இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் அக்கடமையை விதித்தது. 1998ஆம் ஆண்டின் பிரித்தானிய ஒழுங்குவிதிகள், செய்யப்படும் வேலையைக் கருத்திற்கொண்டே ஒளி அமைதல் வேண்டுமெனத் தெளிவுபடுத்தின. இங்கு இரு சொற்களையும் பிரித்து நோக்குதல் அவசியம். 'போதிய' என்பதைக் கருவியால் அளந்துவிடலாம். நிழல், கூச்சம், துடிப்பு, மின்னதிர்ச்சி ஆகிய யாவும் 'பொருத்தமான' என்பதற்குள் அடங்குவன. இலக்ஸ் அளவு நிறைவாயுள்ள பட்டறையிலும் கை அறுபடலாம். பொருத்தம் எதுவென முதலில் அறிபவர் இயந்திரத்தின் முன் நிற்பவரே. அவருடைய கூற்றுக்கு இடமில்லாத பரிசோதனை அரைப் பரிசோதனையே ஆகும்.

உழைப்பைப் பொருளாகக் கொண்ட இலக்கியங்களை நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அவற்றுள் வரும் இயந்திரங்கள் பெரும்பாலும் பேரிரைச்சலாகவும் பெருநிழலாகவுமே நிற்கின்றன. அந்நிழல் எங்கிருந்து விழுகின்றது, எவ்வளவு செலவில் அதனை அகற்றலாம், அச்செலவை மறுப்பவர் யார் என்ற வினாக்கள் பொறியியலாளருக்கு மட்டும் உரியவையல்ல. எழுத்தாளனும் ஆய்வாளனும் தொழிற்சங்கத்தினருடன் சேர்ந்து அவற்றைக் கேட்டல் வேண்டும். தமது மேசைவிளக்கைத் தந்த பட்டறைக்கு அவர்கள் அவ்வளவாவது கடமைப்பட்டவர்கள்.