தாலாட்டில் இருப்பது கோபமா, கேலியா?

டிசம்பர் பௌர்ணமி வந்துவிட்டால் மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு வெசாக் வரை ராத்திரித் தூக்கம் கிடையாது. மஸ்கெலியா பக்கமிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து இறங்கும். சிவனொளிபாதமலை உச்சியில் ஒரு மணி இருக்கிறது. ஒருவர் எத்தனையாவது தடவை ஏறினாரோ அத்தனை முறை அடிப்பார். எண்ணிக்கை காதில் விழுந்துவிடும். ஏன் ஏறினார் என்பது? அதைப் பிடிக்கத்தான் உளவியலில் உள்ளடக்கப் பகுப்பாய்வு என்றொரு முறை: மனிதர் எழுதியதையும் பாடியதையும் எண்ணியபடியே மனதுக்குள் எட்டிப்பார்ப்பது.

அந்த முறைக்குள் என்ன நடக்கிறதென்று, இதே மலைப்பக்கத்துப் பாட்டுகளை வைத்துப் பார்க்க வாருங்கள்! மேசையில் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. தேயிலைத் தோட்டத்து லயத்திலும் கொழுந்து மலையிலும் வாய்வழி வந்த பாட்டுகள். பாடியவர்களில் அநேகர் ஒரு நாட்குறிப்புக்கூட விட்டுப்போகவில்லை. கேள்வித்தாள் நீட்ட இன்று அவர்கள் இல்லை. ஆனால் பாட்டு இருக்கிறதே! எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் இதில்தான்.

முதலில் எதை ஒன்றென்று எண்ணுவது: அடியையா, முழுப் பாட்டையா? அதை முடிவுசெய்து, கோபம், பயம், ஏக்கம், கேலி என்று வகை பிரித்து, எது எதில் சேரும் என்று ஒரு கையேடு எழுத வேண்டும். பிறகு இரண்டு பேர், ஒருவர் தாளை மற்றவர் பாராமல் குறிக்க வேண்டும்.

அப்புறம்தான் கூத்து! தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒரு தாய் கங்காணியின் மீசையைப் பாடுகிறாள் என்று வையுங்கள். குறிக்கும் இருவரில் கொழும்பிலிருந்து வந்த மாணவி 'கோபம்' என்கிறாள். லயத்தில் வளர்ந்தவளோ, "ஐயோ, அது நக்கல் அக்கா!" என்கிறாள். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, பிந்தினால் அன்றைய பேர் விழாது என்ற பயமும் அந்தச் சிரிப்புக்குள் இருப்பதை அவள்தான் எடுத்துக்காட்டுவாள். உடனே கையேட்டில் புது விதி: ஆளின் தோற்றத்தைப் பெருக்கிச் சொன்னால் கேலி, செய்த அநியாயத்தைச் சொன்னால் கோபம். ஆய்வின் உயிரே இந்த வாக்குவாதம் என்பேன்.

ஒற்றுமையை அளக்கவும் வழி உண்டு. 100 பாட்டில் 80இல் இருவரும் ஒத்துப்போனார்கள் என்று வையுங்கள். குருட்டாம்போக்கில் குறித்தாலே 50 ஒத்திருக்கும் என்றால், மீதி 50இல் உண்மையாகச் சம்பாதித்தது 30தான், அதாவது 0.6. உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த 'கப்பா' கணக்கு இது.

இப்படி எண்ணி என்ன கிடைக்கும் என்பவர்களுக்கு 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று. 180 கன்னியாஸ்திரிகள் இளவயதில் எழுதிய சிறு சுயசரிதைகளை எடுத்து, மகிழ்ச்சியும் நன்றியும் நம்பிக்கையும் தெரியும் வாக்கியங்களை எண்ணினார்கள். அவற்றைக் கூடுதலாக எழுதியவர்கள் சராசரியில் பல வருடம் அதிகம் வாழ்ந்திருந்தார்கள்! இதற்கு முன்பே உளவியலாளர் டேவிட் மெக்லேலண்ட் பல நாட்டுப் பாலர் பாடநூல் கதைகளில் சாதிக்கும் ஆசையைத் தேடி எண்ணி, 1961இல் நூலாக்கினார்.

மலையகப் பாட்டுக்கு இன்னொரு கட்டமும் தாளில் வேண்டும்: யார் கேட்டு எழுதியது? தொட்டிலருகே பாடியதும் நோட்டுப்புத்தகத்தோடு வந்த ஆண் ஒருவர் முன்னால் பாடியதும் ஒன்றாக இருந்திருக்காது. தன் அம்மாச்சியிடம் இப்போதே கேட்டுப் பதிவுசெய்யும் பேத்திக்கு, சி.வி.யின் பக்கங்களில் ஏறாத பாட்டுகளும் கிடைக்கலாம்.