காரணம் புரியாத காய்ச்சலும் வீட்டுப் பூனையும்

நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் எலிக்காகப் பூனை வளர்ப்பது உழவர் பெருமக்களின் வழக்கம். பயிரைப் பற்றி எழுதும் நான் பூனையைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. குழந்தைக்கு வாரக்கணக்கில் காய்ச்சல் விடாதபோது, வீட்டில் பூனை இருப்பதைப் பெற்றோர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை.

பூனைக் கீறல் நோயை உண்டாக்குவது பார்ட்டொனெல்லா ஹென்செலே என்னும் பாக்டீரியா. பூனைக்குப் பூனை இதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. அதன் கழிவு பூனையின் நகத்தில் ஒட்டிக்கொண்டு, கீறும்போது நம் தோலுக்குள் செல்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குட்டிகளிடம் இது அதிகம். பூனை நோயுற்றதாகத் தெரியாது.

கீறிய இடத்தில் 3 முதல் 10 நாட்களில் சிறு கொப்புளம் தோன்றும். பின்னர் 1 முதல் 3 வாரங்களில் அந்தப் பக்கத்து அக்குளிலோ கழுத்திலோ வலியுடன் நெறி கட்டும். இப்படி வந்தால் கண்டுபிடிப்பது எளிது. சில குழந்தைகளுக்கோ நெறியே கட்டாது. விட்டு விட்டு வரும் காய்ச்சலும் வயிற்றுவலியும்தான் இருக்கும். கீறலும் அதற்குள் ஆறி மறந்துபோயிருக்கும். அப்போது வயிற்றை ஸ்கேன் செய்தால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறு சிறு புள்ளிகள் தென்படலாம். சாதாரண இரத்தச் சோதனையில் இக்கிருமி எளிதில் சிக்காது. இதற்கெனத் தனியாக எதிர்ப்பொருள் சோதனை உண்டு. எல்லா ஊரிலும் கிடைக்காது. பூனையைப் பற்றிச் சொன்னால்தான் மருத்துவர் அதைச் செய்ய நினைப்பார்.

ஆனால் பூனை இருப்பதாலேயே இந்நோய்தான் என்று முடிவு செய்துவிடக் கூடாது. காசநோயிலும் கழுத்தில் நெறி கட்டும். டைபாய்டும், வரப்புப் புதர்களில் உள்ள சிற்றுண்ணியால் வரும் ஸ்கரப் டைபஸும் நம் பகுதிகளில் காய்ச்சலுக்கு முக்கிய காரணங்கள். அவற்றை முதலில் பார்த்தாக வேண்டும். நெறிக்கட்டியைப் பழுக்க வைக்கப் பற்றுப் போடுவதும், வீட்டிலேயே கீறிவிடுவதும் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் 2 முதல் 4 மாதங்களில் அது தானே வற்றிவிடும். தேவையானால் அசித்ரோமைசின் போன்ற மருந்தை மருத்துவர் தருவார்.

பூனை கீறினால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி பற்றி அன்றே கேட்டுவிடுவது அவசியம். அதில் தாமதம் உயிருக்கே ஆபத்து.

தெள்ளுப்பூச்சியை ஒழிக்கப் பயிருக்குத் தெளிக்கும் மருந்தைப் பூனைமீது தெளிக்கும் பழக்கம் சிலரிடம் உள்ளது. பூனை அதை நக்கிச் செத்துப்போகும். தடவிக்கொடுக்கும் குழந்தைக்கும் கேடு. நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சு. ஏற்ற மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குக.