கல்லும் உயிரும் – 14: மீன் மாதிரி இருந்தால் மீனா?

சூரியநெல்லியில் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, மச்சான் ஜீப்பின் பின்பக்கமிருந்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொழுக்குமலைப் பாதையில் டயர் மாற்ற வேண்டியிருந்ததாம். சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கல் தேடியபோது இது அகப்பட்டிருக்கிறது.

"மாப்ளே, வாராவாரம் கல்லப் பத்தித்தானே எழுதுற? இதப் பாத்துச் சொல்லு. மீன்தானே?"

சாம்பல் நிறக் கல், ஒரு முழம் இருக்கும். அதன் நடுவே கறுப்பாக ஒரு வடிவம். இரண்டு பக்கமும் கூம்பி, ஒரு முனையில் வால் பிரிந்த மாதிரி கீற்று. மறுமுனையில் கண் இருக்க வேண்டிய இடத்தில், மிளகு பருமனில் சிவப்பாக ஒரு புள்ளி. யாரிடம் காட்டினாலும் மீன் என்றுதான் சொல்வார்கள். லயத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

மீன் இல்லை. அந்தக் கறுப்பு, பயோடைட் என்கிற கருமைக்கா. கண், கார்னெட் மணி. சூரியநெல்லி, சின்னக்கானல், மூணாறு என்று நீளும் இந்த மலையின் பாறைகள் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, நசுங்கி, மறுபடி இறுகியவை. கடைசியாக அப்படி வெந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மீன் என்று சொல்லத்தக்க உயிர்களில் மிகப் பழையவை சீனாவின் செங்ஜியாங்கில் கிடைத்தன. அவற்றுக்கே வயது சுமார் 52 கோடிதான். இந்தக் கல் அடுப்பில் இருந்த காலத்தில் உலகத்தில் மீனே கிடையாது.

மச்சானுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப கண்ணு?" என்று இன்னொரு தடவை கேட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். படித்தவர்களும் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் பீம்பேட்கா குகையின் கூரையில், இலை நரம்பு போல வரி ஓடிய ஒரு தடத்தை, 55 கோடி ஆண்டு பழைய டிக்கின்சோனியா என்னும் உயிரின் எச்சம் என்று 2021இல் ஆய்விதழிலேயே எழுதினார்கள். உலகம் முழுக்கச் செய்தி ஆனது. நேரில் போய்ப் பார்த்த வேறொரு குழு 2023இல் எழுதியது: தேனடை. தேனீக்கள் விட்டுப்போன கூடு பாதி உதிர்ந்து கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் எழுதியவர் தவறை ஒப்புக்கொண்டார். அதற்கும் ஒரு மனசு வேண்டும். மலைத்தேன் எடுக்கப் போகிற ஆள் யாரையாவது கூட்டிப்போயிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

நம்மூர்க் கதை 2020இல் நடந்தது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் அள்ளியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிவர, டைனோசர் முட்டை என்று கைபேசிக்குக் கைபேசி படம் பறந்தது. நிலவியல் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட் என்ற பழைய கடலுயிரைச் சுற்றித் திரண்ட கல்லுருண்டைகள் என்றார்கள். முட்டை மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான கதை இங்கிலாந்தில் இருக்கிறது. பீட்டர்பரோ ஊருக்குப் பக்கத்தில் செங்கல் சூளைக்குக் களிமண் வெட்டும் குழிகள். ஆல்ஃபிரட் லீட்ஸ் என்ற விவசாயி அங்கே கிடைக்கும் எலும்புகளைச் சேகரித்துவந்தார். அவற்றில் தட்டையான பெரிய பெரிய எலும்புத் தகடுகள். பார்க்க வந்த ஒரு வல்லுநர், இவை முதுகில் தகடு வரிசை கொண்ட டைனோசருடையவை என்று 1887இல் எழுதிவிட்டார். அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த மார்ஷ் என்ற வல்லுநர், தகடுகளைப் பார்த்துவிட்டு இது டைனோசர் இல்லை, மீன் என்றார். 1889இல் ஆர்தர் ஸ்மித் வுட்வர்ட் அதற்கு லீட்சிக்திஸ் ப்ராப்ளமாட்டிகஸ் என்று பெயர் வைத்தார். பெயரிலேயே 'பிரச்சினை' இருக்கிறது, பாருங்கள். இன்றைய கணக்கில் அது 16 மீட்டர் வரை வளர்ந்திருக்கும். எலும்பு மீன்களில் அதைவிடப் பெரியது தெரியவில்லை. மீன் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றாததால் டைனோசர் ஆக்கிவிட்டார்கள்.

பெரிய மீனின் தொல்லையே இதுதான். விரல் நீள மீன் ஒரே பலகைக்கல்லில் முழுசாக விழும். குழந்தையும் பெயர் சொல்லும். ஆள் நீள மீன் செத்தால் அழுகும்போதே உடல் பிரிகிறது. தலை ஓரிடம், வால் ஓரிடம். கல்லாகும்போது நசுங்கி, வெட்டும்போது நான்கு துண்டாகி, மேசைக்கு வரும்போது மீன் என்ற உருவமே மிச்சமிருக்காது.

இந்தியாவில் கல்லான மீன்களுக்குப் பேர்போன இடம் கோட்டா. ராஜஸ்தான் கோட்டா அல்ல. மகாராஷ்டிர எல்லையில், சிரோஞ்சாவுக்கு அருகே, பிராணஹிதா ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். ஏறத்தாழ 18 கோடி ஆண்டு முந்தைய சுண்ணாம்புக்கல் அங்கே படிந்து கிடக்கிறது. அன்றைக்கு அது ஏரியாக இருந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து. அங்கே கிடைத்த மீனைப் பற்றிக் கர்னல் சைக்ஸ் 1851இல் லண்டன் நிலவியல் சங்கத்துக்கு எழுதினார். மீனைப் பார்த்து விவரித்தவர் சர் ஃபிலிப் எகர்டன். இந்த எகர்டன் நமக்கு அந்நியர் இல்லை: மதராஸ் சிவில் சர்வீஸ்காரர்களான கேயும் கன்லிஃப்பும் புதுச்சேரிப் பக்கத்துப் பாறைகளில் பொறுக்கியனுப்பிய மீன் எச்சங்களை 1845இலேயே விவரித்தவர். கோட்டா மீன்களில் ஒன்றுக்கு லெபிடோட்டஸ் டெக்கானென்சிஸ் என்ற பெயர் வந்தது. 1853இல் இன்னொன்றுக்கு டாபீடியஸ் எகர்டோனி என்று எகர்டன் பெயரையே சைக்ஸ் சூட்டினார்.

அந்த எகர்டோனியின் பெயர் நிற்கவில்லை. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ்.எல். ஜெயின், புதிதாகக் கிடைத்த மீன்களை வைத்துக்கொண்டு 1973இல் அதைப் பாராடாபீடியம் என்ற தனிப் பேரினமாகப் பிரித்தார். 120 வருஷம் கழித்து வீட்டுப்பெயர் மாறிற்று. (புள்ளியியல் நிறுவனத்தில் புதைபடிவம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அதை நிறுவிய மகாலனோபிஸ் அப்படித்தான். எலும்பை அளந்து கணக்குப் போடலாம் என்று 1950களில் லண்டனிலிருந்து தொல்லுயிரியலாளர் பமேலா ராபின்சனை அழைத்துவந்து பிரிவே தொடங்கிவிட்டார்.)

இனி மேசை வேலை. அதற்கு முன் ஒன்று: கிடைத்த இடத்தில் பெரிய மீனைத் தனியாகப் பெயர்த்தெடுக்க முடியாது. சுற்றியுள்ள கல்லோடு சேர்த்து வெட்டி, ஈரத்தாள் போர்த்தி, அதன் மேல் பாரிஸ் சாந்தில் நனைத்த சாக்குத்துணியைச் சுற்றி, எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுப்போடுவது போலக் கட்டி எடுத்துவருகிறார்கள். எந்தப் பக்கம் மேல், எந்த அடுக்கு என்று கட்டின் மேலேயே எழுதிவிட வேண்டும். கல் இரண்டாகப் பிளந்தால் இரண்டு பாதியும் வேண்டும். செதில் ஒரு பாதியிலும் அதன் அச்சு மறு பாதியிலும் போயிருக்கும்.

பிறகு உளி. பேனா பருமனில், காற்றழுத்தத்தில் அதிரும் சிற்றுளி ஒன்று இருக்கிறது. எலும்பை நெருங்கியதும் அதையும் வைத்துவிட்டு நுண்நோக்கிக்குக் கீழே ஊசியை எடுக்கிறார்கள். எலும்பு தெரியத் தெரிய, பாராலாய்ட் என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துத் தூரிகையால் தொட்டுவைக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்த காரணம், வேண்டாம் என்றால் நாளைக்கு அசிட்டோன் ஊற்றியே கழுவிவிடலாம். ஃபெவிகுவிக் போட்டால் ஒட்டும். அப்புறம் வரும் ஆராய்ச்சியாளர் அதைப் பிரிக்க முடியாமல் நம்மைத் திட்டுவார்.

சுண்ணாம்புக்கல் மீனுக்கு இன்னொரு வழி அமிலம். மீனின் எலும்பு கால்சியம் பாஸ்பேட். சுற்றியிருக்கும் கல் கால்சியம் கார்பனேட். மென்மையான அசிட்டிக் அமிலம் கார்பனேட்டைக் கரைத்துவிட்டு, எலும்பைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஹாரி டூம்ப்ஸ் இதை 1940களில் முறையாக்கினார். 1950இல் ரிக்சன் என்பவரோடு சேர்ந்து இன்னொரு வித்தை சொன்னார்: மீனின் வெளித்தெரியும் பக்கத்தைப் பிளாஸ்டிக் பிசினில் பதித்துவிட்டு, கல்லை மொத்தமாக மறுபக்கத்திலிருந்து அமிலத்தில் கரைத்துவிடுவது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லைப் பார்த்துப் படுத்திருந்த பக்கம் அப்போது நம்மைப் பார்க்கும்.

அசிட்டிக் அமிலம் என்றால் வினிகர்தானே என்று எனக்கு ஒருமுறை அசட்டுத் துணிச்சல் வந்தது. லாரிக்காரர் ஒருவர் கொடுத்த அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு சுறாப்பல் பாதி தெரிந்தது. மளிகைக் கடை வினிகரில் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் பல்லின் மினுக்கம் அப்படியே இருந்தது. வேர் நனைந்த ரஸ்க் மாதிரி தொட்டதும் உதிர்ந்தது. பிறகுதான் தெரிந்தது: ஆய்வகத்தில் அமிலத்தில் முன்கூட்டியே கால்சியம் பாஸ்பேட் கலந்து, அதன் பசியை எலும்பின் மேல் போகாமல் அடக்கிவைக்கிறார்கள்; ஊறவைத்த நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரம் தண்ணீரில் அலசுகிறார்கள்; உலர்த்தி, பிசின் பூசி, மறுபடி ஊறவைக்கிறார்கள். மாதக்கணக்கு ஆகும். கரைந்த வேரைத் திரும்ப ஒட்ட எந்தப் பிசினும் இல்லை.

கல் விலகியதும் கண் போக வேண்டிய இடம் வடிவம் அல்ல, செதில். லெபிடோட்டஸின் செதில் இன்றைய கெண்டைச் செதில் போல மெல்லிய கண்ணாடித்தாள் இல்லை. சாய்சதுரமாக, தடிப்பாக, மேலே பீங்கான் பூச்சு போல மினுங்கும். ஒவ்வொரு செதிலிலும் ஒரு முளை, பக்கத்துச் செதிலில் அதற்கு ஒரு குழி. ஓடு வேய்ந்தது போல ஒன்றில் ஒன்று கொக்கி மாட்டிக்கொள்ளும். அப்படி ஒரே ஒரு செதில் கிடைத்தாலும் எந்தக் கூட்டத்து மீன் என்று ஓரளவு சொல்லலாம். பல் பொத்தான் மாதிரி உருண்டை. கிளிஞ்சலை நொறுக்கத் தோதானது. ஐரோப்பாவில் இந்தப் பற்களைத் தேரையின் தலைக்குள் விளையும் கல் என்று நம்பி, விஷத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று மோதிரத்தில் பதித்துப் போட்டுக்கொண்டார்கள். நாகரத்தினத்தை நம்பிய நாம் சிரிக்க முடியாது.

பல்லை மட்டும் வைத்துக்கொண்டு முழு உடலை வரைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை சாட்சி. அங்கே டைக்கோடஸ் என்ற சுறாவின் பற்களை இந்திய ஆய்வாளர்கள் 2012இல் பதிவுசெய்தார்கள். அம்மி கொத்தியது போல வரிவரியாக மேடு கொண்ட அரைக்கும் பல். அப்படிப்பட்ட பல்லைப் பார்த்து, கடலடியில் மந்தமாக ஊர்ந்து சிப்பி தின்ற மீன் என்று வெகுகாலம் படம் வரைந்தார்கள். மெக்சிகோவின் வயெசியோவில் உடலோடு கிடைத்த எச்சங்கள் 2024இல் வெளியானபோதுதான், திறந்த கடலில் விரைந்து நீந்திய சுறா என்று தெரிந்தது. பல் பொய் சொல்லவில்லை. பல்லுக்கு மேல் நாம் வரைந்த உடல்தான் தவறு.

கோட்டாவுக்குத் திரும்பினால், ஜெயின் 1974இல் விவரித்த மீன் இன்னும் சுவையானது: இண்டோசீலகாந்தஸ் ரொபஸ்டஸ், இந்தியாவில் கிடைத்த முதல் சீலகாந்த் எச்சம். சீலகாந்த் என்றால் உள்ளே வெற்றான முள் என்று பொருள். வாலைப் பார்த்தாலே குலம் தெரியும்: மேலும் கீழும் இரு மடல், நடுவில் சின்னக் குஞ்சம். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்கக் கரையில் வலையில் விழுந்த ஒன்றரை மீட்டர் மீனை, அருங்காட்சியகக் காப்பாளர் மார்ஜோரி கோர்ட்னே-லாட்டிமர் வரைந்து, மீன் ஆய்வாளர் ஸ்மித் என்பவருக்குத் தபாலில் அனுப்பினார். எப்போதோ அழிந்துபோனதாக நம்பப்பட்ட, உயிரோடு இருக்கவே கூடாத சீலகாந்த் இது என்று ஸ்மித் அந்தக் கோட்டுப் படத்திலிருந்தே சந்தேகித்தார். அந்த அம்மையார் செதிலையும் வாலின் குஞ்சத்தையும் சரியாக வரைந்திருந்தார். அழகாக வரைந்தாரா என்றால், சொல்ல முடியாது.

இதையெல்லாம் மச்சானிடம் சொன்னபோது பாதியிலேயே எழுந்து போய் ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கொல்லைப்புறத்தில் அக்கா கட்லா ஆய்ந்துகொண்டிருந்தாள். தெறித்த செதில்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மரத்தின் வளையம் போல வட்டம் வட்டமாக வரிகள். எண்ணத் தொடங்கினேன்.

"அத என்னடா பாக்குற? உள்ள போய் உப்ப எடுத்துட்டு வா."

மறுநாள் ஊருக்குக் கிளம்ப ஜீப்பில் ஏறும்போது பார்த்தேன். டாஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் அந்தக் கல் உட்கார்ந்திருந்தது. சிவப்புக் கண்ணுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.