கடன் முடிந்தும் வீடு வராத பாலிசி... பழைய அடமானப் பணத்தை மீட்பது எப்படி?

வீட்டுக் கடன் வாங்கும்போது வீட்டுப் பத்திரத்தோடு ஆயுள் காப்பீட்டு பாலிசியையும் சேர்த்து ஈடாக எழுதிக் கொடுப்பது ஒரு காலத்தில் பல கடன் நிறுவனங்களில் வழக்கம். மாதத் தவணை ஒரு பக்கம், பிரீமியம் ஒரு பக்கம் என்று இரண்டையும் கட்டி முடித்த பலர், பத்திரத்தை மட்டும் வாங்கி வந்துவிட்டு பாலிசியை மறந்துபோனார்கள். கட்டியவர் காலமாகிவிட்டால் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பாலிசி இருந்ததே தெரியாது.

தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி, நாகை, மயிலாடுதுறை கடற்கரை நெடுக வீடுகளோடு பீரோக்களையும் அதிலிருந்த காகிதங்களையும் சேர்த்தே அடித்துப் போனது. காகிதம் போனால் பணமும் போச்சு என்று கைகழுவிவிட்டவர்கள் உண்டு. உண்மையில் உரிமை அழிவதில்லை. பதிவு செய்த பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். பாலிசி பாண்டு தொலைந்திருந்தால் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து நகல் கேட்கலாம்.

கேட்பாரற்றுக் கிடக்கும் தொகை கொஞ்சநஞ்சம் அல்ல. 2023-24 நிதியாண்டில் எல்.ஐ.சி.யில் மட்டும் 3,72,282 பாலிசிதாரர்களின் முதிர்வுத் தொகை 880.93 கோடி ரூபாய் உரிமை கோரப்படாமல் இருந்ததாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. வங்கி, காப்பீடு, பங்கு எனப் பல இடங்களில் தேங்கிய பணத்தை உரியவர்களிடம் சேர்க்க, 2025 அக்டோபரில் மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு சிறப்பு இயக்கத்தையே தொடங்கியது.

முதலில் பார்க்க வேண்டியது

பாலிசி இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கடனுக்காக எழுதிக் கொடுத்ததை ‘அசைன்மென்ட்’ என்பார்கள். பாலிசி பாண்டின் பின்பக்கத்திலோ தனித் தாளிலோ அந்தக் குறிப்பு இருக்கும். கடன் முடிந்ததும் கடன் கொடுத்த நிறுவனம் பாலிசியைத் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த ‘ரீ-அசைன்மென்ட்’ நடக்காவிட்டால், காப்பீட்டு நிறுவனத்தின் பதிவேட்டில் பணத்துக்கு உரியவர் கடன் கொடுத்தவர்தான். மகன் போய்க் கேட்டாலும், மனைவி போய்க் கேட்டாலும் காசோலை வராது. நிலுவை இல்லை என்ற சான்றும் ரீ-அசைன்மென்ட் கடிதமும்தான் முதல் படி.

கடன் நிலுவையில் இருக்கும்போதே கடன்தாரர் இறந்திருந்தால் கணக்கு வேறு. அசைன்மென்ட் செய்த பாலிசியின் இறப்புத் தொகையிலிருந்து கடன் நிலுவை முதலில் கழியும். மிச்சம் குடும்பத்துக்கு உரியது. கடன் எவ்வளவு, பாலிசி தொகை எவ்வளவு, மீதி எங்கே போனது என்று எழுத்துப்பூர்வமாகக் கணக்குக் கேட்க வாரிசுகளுக்கு உரிமை உண்டு.

பாதியில் நிறுத்திய பாலிசியையும் விட்டுவிட வேண்டாம். பழைய எண்டோமென்ட் பாலிசிகளில் பொதுவாக மூன்று ஆண்டுகள் பிரீமியம் கட்டியிருந்தால் ‘பெய்ட்-அப்’ மதிப்பு உண்டு. உதாரணமாக 1 லட்சம் ரூபாய்க்கு 20 ஆண்டு பாலிசி எடுத்து 8 ஆண்டு கட்டியிருந்தால், முதிர்வில் சுமார் 40,000 ரூபாயும் அதுவரை சேர்ந்த போனஸும் கிடைக்கக்கூடும்.

எங்கே தேடுவது?

ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்திலும் உரிமை கோரப்படாத தொகை குறித்துத் தேடும் பக்கம் உண்டு. பாலிசி எண், பெயர், பிறந்த தேதி, பான் எண் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். 10 ஆண்டுகளுக்கு மேல் தேங்கிய தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். அங்கே போன பிறகும் 25 ஆண்டுகள் வரை அதே காப்பீட்டு நிறுவனம் மூலம் கோரலாம். அதற்கு மேல் தாமதித்தால் அரசுக்குச் சேர்ந்துவிடும்.

தவணை பிடிக்க வைத்திருந்த சேமிப்புக் கணக்கின் இருப்பும், கடன் கணக்கில் கூடுதலாகக் கட்டிய தொகையும் 10 ஆண்டுகளுக்குப் பின் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போகும். சேமிப்புக் கணக்குகளை ‘உத்கம்’ தளத்தில் தேடலாம். அது தேடுவதற்கான தளம் மட்டுமே. பணத்தை வங்கிக் கிளையில்தான் கோர வேண்டும். அதற்குக் காலக்கெடு இல்லை.

பத்திரம் திரும்ப வரவில்லையா?

2023 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தனிநபர் கடனும் வீட்டுக் கடனும் முழுதாக முடிந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவு செய்த ஈட்டையும் நீக்க வேண்டும். தாமதத்துக்குக் கடன் கொடுத்தவர்தான் காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஆவணத்தைத் தொலைத்துவிட்டால் நகல் எடுக்கும் செலவும் அவர்களுடையதே. அதற்கு மட்டும் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. இந்தத் தேதிக்கு முன்பே முடிந்த கடனுக்கு இழப்பீடு கேட்க முடியாமல் போகலாம். ஆனால் ஆவணம் சொந்தக்காரருக்கு உரியது என்பதில் மாற்றமில்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் பழைய அடமானம் இன்னும் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். நின்றால் ரசீது ஆவணம் பதிவு செய்து நீக்க வேண்டும்.

பதில் வராவிட்டால்?

காப்பீட்டு நிறுவனம் மறுத்தாலோ, புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனை அணுகலாம். மறுத்து வந்த பதிலிலிருந்து ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. வங்கி மீதான புகாருக்கு ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன், வீட்டுக்கடன் நிறுவனங்கள் மீதான புகாருக்குத் தேசிய வீட்டுவசதி வங்கி.

“கமிஷன் கொடுங்கள், பணத்தை எடுத்துத் தருகிறோம்” என்று போனில் வருபவர்களிடம் எச்சரிக்கை தேவை. உரிமைத் தொகையைக் கோர எந்த அலுவலகத்திலும் முன்பணம் கேட்கமாட்டார்கள். ஓ.டி.பி. எண்ணைச் சொன்னால் மீட்க நினைத்த பணத்தோடு இருக்கும் பணமும் போய்விடும்.

வீட்டில் உள்ள பெரியவர்கள் நலமாக இருக்கும்போதே, எந்தக் கடனுக்கு எந்த பாலிசியை எழுதிக் கொடுத்தார்கள், நாமினி யார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வாங்கி வைப்பது நல்லது. பத்து நிமிட வேலைதான். பின்னாளில் பிள்ளைகள் அலுவலகம் அலுவலகமாக அலையும் அலைச்சல் பாதியாகக் குறையும்.